தண்டுவட அழற்சி: எம்.ஆர்.ஐ. படத்தைத் தேதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவருடைய 26 வயது மகளுக்கு மூன்று மாதங்களுக்கு முன் இரு பாதங்களும் மரத்துப் போயின. நான்கைந்து நாள்களில் மரப்பு தொப்புள் வரை ஏறியது; வயிற்றைச் சுற்றி இறுகக் கட்டியது போல் இருந்தது; கால்கள் தளர்ந்தன; சிறுநீரும் பிரியாமல் நின்றுவிட்டது. ஒரு தனியார் நிலையத்தில் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாகச் சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பத்து நாளுக்குள் நிலைமை முற்றி அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது, முழு முதுகுக்கும் எடுத்த படத்தில் மார்புப்பகுதியின் 2ஆம் முள்ளெலும்பிலிருந்து 6ஆம் முள்ளெலும்பு வரை தண்டுவடத்தில் அழற்சி என்று அறிக்கை வந்தது. ஐந்து நாள் ஸ்டெராய்டு ஏற்றிய பிறகு தேறி, இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். ஸ்டெராய்டு மாத்திரையும் தொடர்கிறது. மருத்துவர் இப்போது மூளை, கண், முதுகு மூன்றுக்கும், அழற்சியைப் படத்தில் ஒளிரச் செய்யும் கான்ட்ராஸ்ட் ஊசியோடு மீண்டும் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு படங்களில் எது பொய், இது கட்டியா, அண்டை வீட்டார் கேட்பது போல் காசநோயா, கால் நோய்க்கு மூளையையும் கண்ணையும் ஏன் படம் எடுக்க வேண்டும், மனைவி பயப்படுவது போல் அந்த ஊசி சிறுநீரகத்தைக் கெடுக்காதா, படம் சுத்தமாக வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறார். நோய் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு மகளுக்கு இரண்டு வாரம் விக்கலும் வாந்தியும் இருந்ததாகவும், கேஸ்ட்ரிக் என்று கிளினிக்கில் மருந்து வாங்கியதாகவும் கடைசி வரியில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

உங்கள் மகளின் படங்களை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதையும் அறிக்கையிலிருந்து எடுத்துக் காட்டிய வரிகளையும் வைத்தே பதில் எழுதுகிறேன். இத்தகைய படங்களைப் படித்து அறிக்கை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட கதிரியல் மருத்துவன் என்ற முறையில் நான் முதலில் வலியுறுத்துவது இதுதான்: தண்டுவட அழற்சியில் எந்த எம்.ஆர்.ஐ. படமும் தனித்து நின்று பேசாது. நோய் தொடங்கி எத்தனையாவது நாளில் எடுத்தது, ஸ்டெராய்டு ஏற்றுவதற்கு முன்பா பின்பா, முதுகின் எந்தப் பகுதி அதில் அடங்கியது என்ற விவரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அது பொருள் தரும்.

இரண்டு படங்களில் எதுவும் பொய்யில்லை. முதுகெலும்பு இடுப்பின் அடி வரை நீண்டிருந்தாலும் அதனுள் இருக்கும் தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்புப்பகுதியின் 1ஆம், 2ஆம் முள்ளெலும்புகளின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை கால்களுக்குச் செல்லும் நரம்பு வேர்கள் மட்டுமே. இடுப்புக்கு எடுக்கும் வழக்கமான எம்.ஆர்.ஐ. தண்டுவடத்தின் நுனியைத் தொட்டுக் காட்டுமே தவிர, மார்புப்பகுதியைக் காட்டாது. ஆகவே உங்கள் மகளின் நோய் அந்த முதல் படத்தின் சட்டத்துக்கு வெளியே இருந்தது. அதில் தெரிந்த டிஸ்க் பிதுக்கமும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்தத் தொல்லையும் இல்லாத இளவயதினரிடமும் அது காணப்படும் என்பதால், கண்ணில் பட்ட ஒன்றே காரணம் என்று முடிவுகட்ட முடியாது.

மரப்பு தொப்புள் வரை என்றால் கோளாறு தொப்புள் உயரத்தில்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மார்பின் நடுவிலுள்ள தண்டுவடம் பாதிக்கப்பட்டாலும் மரப்பு பல படிகள் கீழேயே நின்றுவிடுவது உண்டு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அந்த வீட்டுக் குழாயை மட்டும் கழற்றிப் பார்த்துப் பயனில்லை. மேலே தொட்டி வரை பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதனால்தான் இரு கால்களும் ஒருசேரத் தளர்ந்து, உடலைச் சுற்றிப் பட்டை கட்டியது போன்ற இறுக்கமும் சிறுநீர் அடைப்பும் சேர்ந்தால், கழுத்திலிருந்து அடி வரை முழுத் தண்டுவடத்தையும் அன்றைக்கே படம் எடுக்க வேண்டும் என்கிறோம். அவசரமாக எடுக்கும் அந்த முழுத் தண்டுவடப் படம் அழற்சியைத் தேடுவதற்காக எடுக்கப்படுவதும் அல்ல. டிஸ்க்கோ சீழோ கட்டியோ இரத்தக் கசிவோ தண்டுவடத்தை வெளியிலிருந்து நசுக்குகிறதா என்பதே அங்கே கேள்வி. நசுக்கினால் மணிக்கணக்கில் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியிருக்கும். நசுக்கவில்லை என்று உறுதியான பிறகே அழற்சியைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. எம்.ஆர்.ஐ. கோரும் படிவத்தில் 'இடுப்பு வலி' என்று மட்டும் எழுதியிருந்தால் படம் எடுப்பவர் இடுப்பைத்தான் எடுப்பார். சிறுநீர் போகவில்லை என்பதைக் கூச்சப்படாமல் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். அந்த ஒரு செய்தி படம் எடுக்கும் பகுதியையே மாற்றிவிடும்.

அடுத்து, படத்தில் அழற்சி உள்ள இடம் வெள்ளைத் தழும்பாகத் தெரிகிறதே, அது என்ன என்பது. எம்.ஆர்.ஐ. உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜனிலிருந்து வரும் சமிக்ஞையைப் படமாக்குகிறது. அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. 'டி2' என்று குறிக்கப்படும் வரிசைப் படங்களில் நீர் மிகுந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அழற்சியால் திசுவில் நீர் கோத்துக்கொள்வதால் அந்த இடமும் வெளுக்கிறது. ஆனால் இரத்த ஓட்டம் தடைப்பட்டாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும், கட்டி வளர்ந்தாலும் அதே வெள்ளைதான். ஆகவே நிறத்தை வைத்து நாங்கள் எதையும் முடிவு செய்வதில்லை. நீளம், இடம், வடிவம் ஆகியவற்றையே அளக்கிறோம்.

திரையில் இதை எப்படிப் பார்க்கிறோம் என்பதைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். பக்கவாட்டுப் படத்தில் தழும்பு எந்த முள்ளெலும்பில் தொடங்கி எதில் முடிகிறது என்று எண்ணுகிறோம். பிறகு அதே உயரத்தில் குறுக்குவெட்டுப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்துகிறோம். அங்கே தண்டுவடம் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு நீள்வட்டமாக, சுற்றிலும் வெள்ளை நீர் சூழ, நடுவில் மிதப்பதாகத் தெரியும். அந்தச் சிறிய வட்டத்தில் வெள்ளை எங்கே விழுந்திருக்கிறது என்பதில்தான் நோயின் குணம் இருக்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற நோய் பெரும்பாலும் ஓரத்தைப் பிடிக்கும். பின்பக்கமோ பக்கவாட்டிலோ, வட்டத்தின் பாதிக்கும் குறைவான இடத்தை எடுத்துக்கொண்டு, நீளத்தில் ஒன்றிரண்டு முள்ளெலும்புகளைத் தாண்டாமல் நிற்கும். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்ற நோய் நடுப்பகுதியைப் பிடித்து, வட்டத்தின் பெரும்பகுதியை நிரப்பி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முள்ளெலும்புகளின் நீளத்துக்குப் பரவும். சில இடங்களில் சுற்றியுள்ள தண்டுவட நீருக்கு நிகராகவே பளிச்சென்று வெளுத்திருக்கும். நரம்பு உறையிலுள்ள 'மோக்' என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளால் வரும் அழற்சியிலும் நீளமான தழும்பு உண்டு. அது நடுவிலுள்ள சாம்பல்நிறப் பகுதியை மட்டும் வரைந்து காட்டியது போல நிற்பதும், தண்டுவடத்தின் கீழ் நுனியைப் பிடிப்பதும் அடிக்கடி காணும் குறிகள்.

உங்கள் மகளின் தழும்பு 2 முதல் 6 வரை, அதாவது ஐந்து முள்ளெலும்புகளின் நீளம். இது நீண்ட தழும்பு என்ற வகையைச் சேர்ந்தது. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸுக்கான வாய்ப்பைக் குறைத்து, மற்ற இரண்டின் பக்கம் எங்கள் கவனத்தைத் திருப்புகிறது. நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா ஐரோப்பியரிடையே அரிதென்றாலும், ஆசியர்களிடையே விகிதாசாரத்தில் அதைவிட அதிகம். பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இங்குதான் தேதி முக்கியமாகிறது. நோயின் முதல் ஓரிரு நாளில் எடுத்தால் தழும்பு குட்டையாகத் தெரியலாம், சிலருக்குப் படம் சரியாகவே இருந்துவிடும். மோக் வகையில் இது நன்கு தெரிந்த செய்தி. நோய் முற்றிய நாள்களில் எடுத்தால் முழு நீளமும் வீக்கமும் தெரியும். சில மாதம் கழித்து எடுத்தால், நீண்டிருந்த தழும்பு வற்றி, துண்டு துண்டாக உடைந்து, குட்டைத் தழும்புகள் இரண்டு மூன்று இருப்பது போலத் தோன்றும். பழைய படத்தைப் பார்க்காத ஒருவர் அதை மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்று படித்துவிடக் கூடும். அது வெறும் பெயர்க் குழப்பமாக முடிவதில்லை. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட், நாட்டலிசுமாப் போன்ற மருந்துகள் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகாவை மோசமாக்கியதாகப் பதிவுகள் உள்ளன. ஆகவே மருத்துவமனையில் சேர்த்த நாளில் எடுத்த படத்தின் சிடியைக் கேட்டு வாங்கி, உறையின் மேல் தேதியையும் ஸ்டெராய்டு தொடங்கிய நாளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. புதிய படத்தைப் படிப்பவர் பழைய படத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இடுப்புக்கு எடுத்த அந்த முதல் சிடியையும் தூக்கிப் போட வேண்டாம். அதன் மேல் ஓரத்தில் தெரியும் தண்டுவட நுனி அன்று எப்படி இருந்தது என்பதும் ஒரு சான்று.

காசநோயா என்று அண்டை வீட்டார் கேட்பது வீண் கேள்வியல்ல. நம் நாட்டில் அது இன்னும் ஒழியவில்லை. ஆனால் முதுகில் காசநோய் பெரும்பாலும் எலும்பையும் டிஸ்க்கையும் அரித்து, பக்கத்தில் சீழ் கட்டி, வெளியிலிருந்து தண்டுவடத்தை நசுக்கும். சிலரிடம் தண்டுவட உறைகளைத் தடிக்கச் செய்யும். எலும்பு சரியாக இருந்து தண்டுவடத்துக்குள் மட்டும் நீண்ட வீக்கம் இருப்பது காசநோயில் அரிது. கட்டி என்றால் தொல்லை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும். உங்கள் மகளுக்கோ நாள்களில் ஏறியிருக்கிறது. கடும் அழற்சியும் தண்டுவடத்தைக் கட்டி போலப் பருக்கச் செய்யும் என்பதால் ஐயம் வருவது உண்டு. அப்போதும் அவசரப்பட்டுத் தண்டுவடத்திலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்கப் போகாமல், சிகிச்சை கொடுத்து, சில வாரம் கழித்து மறுபடம் பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சிறிய இடத்தில் கத்தி பட்டால் போன உணர்வு திரும்பாமலே போகலாம். நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ கால் விழுந்துவிட்டால் இரத்த ஓட்டத் தடையையும், நடுவயதைக் கடந்த ஆண்களுக்கு மாதக்கணக்கில் படிப்படியாகத் தளர்ந்து ஸ்டெராய்டு ஏற்றியதும் மேலும் மோசமானால் தண்டுவட உறையிலுள்ள இரத்தக்குழாய்க் கோளாறையும் நினைக்க வேண்டும். உங்கள் மகளின் கதை இரண்டுக்கும் பொருந்தவில்லை.

கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு அதுவே மிக முக்கியமான வரி. மூளையின் அடியிலுள்ள முகுளத்தின் பின்புறத்தில் வாந்தியைத் தூண்டும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா அந்த இடத்தை விரும்பித் தாக்கும். அப்போது வேறு காரணம் எதுவும் அகப்படாத விக்கலும் வாந்தியும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தொடரும். வயிற்றுக் கோளாறு என்று மருந்து சாப்பிட்டு, அது தானே அடங்கி, பிறகு கால் விழும்போதுதான் நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும். 2015இல் வெளியான பன்னாட்டு வரையறைகள் இந்த விக்கல் வாந்தியை, கண் நரம்பு அழற்சிக்கும் தண்டுவட அழற்சிக்கும் இணையான ஒரு முதன்மைக் குறியாகவே வைத்திருக்கின்றன. உங்கள் மருத்துவரிடம் இதை நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அடுத்த சந்திப்பில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மூளையையும் கண்ணையும் படம் எடுக்கச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும். முகுளத்தில் பழைய தழும்பு இருக்கிறதா, கண் நரம்பு நீண்ட தூரத்துக்கு வெளுத்திருக்கிறதா, மூளையில் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸுக்கே உரிய முட்டை வடிவத் தழும்புகள் உள்ளறைகளை ஒட்டி இருக்கின்றனவா என்பதைப் பார்க்கிறார்கள். முதுகில் மட்டும் இருக்கும் ஒரு தழும்பு பல நோய்களுக்குப் பொதுவானது. மற்ற இடங்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் பெயர் தெளிகிறது. இதனோடு இரத்தப் பரிசோதனை ஒன்று கட்டாயம். இந்நோய்க்கே உரிய எதிர்ப்பொருள் 2004இல் கண்டறியப்பட்டது. அது தாக்குவது அக்குவாபோரின்-4 என்ற புரதத்தை என்பது 2005இல் தெரிந்தது. அந்த எதிர்ப்பொருளும் மோக் எதிர்ப்பொருளும் உங்கள் மகளுக்குப் பார்க்கப்பட்டனவா என்று கடிதத்தில் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டெராய்டுக்குப் பிறகு இரத்தம் எடுத்து, எதிர்ப்பொருள் இல்லை என்று முடிவு வந்திருந்தால், ஐயம் வலுவாக இருக்கும்போது சில மாதம் கழித்து மறுபடியும் பார்ப்பது முறை.

கான்ட்ராஸ்ட் ஊசியைப் பற்றி உங்கள் மனைவிக்கு இருக்கும் பயத்தை நான் மதிக்கிறேன். உங்கள் லயத்திலேயே ஒருவர் டயாலிசிஸுக்குப் போய்வருவதைப் பார்ப்பவருக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். எம்.ஆர்.ஐ. ஊசி காடோலினியம் சேர்ந்தது. சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து வேறு, இது வேறு. பெரும்பாலான மருந்துகளில் 50 கிலோ எடையுள்ளவருக்கு 10 மில்லிலிட்டர் அளவே செலுத்தப்படுகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு, அதாவது அதன் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கியவர்களுக்கு, பழைய வகைக் காடோலினிய மருந்துகளால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய் வந்ததை 2006இல் கண்டறிந்தார்கள். அதிலிருந்து முன்கூட்டியே கேள்வி கேட்பதும் இரத்தம் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. நுண்ணிய அளவு உடலில் தங்குவதும் உண்மை. அதனால் நரம்புக்குக் கேடு வந்ததாக நிறுவப்படவில்லை. இருந்தாலும் இறுக்கமான வளைய அமைப்புள்ள மருந்துகளையே இப்போது விரும்பிப் பயன்படுத்துகிறோம். கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்போது பெரும்பாலும் இந்த ஊசியைத் தவிர்ப்போம்.

ஊசி போட்டால் கிடைக்கும் செய்தியும் தேதியோடு சேர்ந்ததே. அழற்சி புதிதாக இருக்கும் வாரங்களில் தழும்பு மருந்தை உறிஞ்சி ஒளிரும், பிறகு அடங்கும். ஸ்டெராய்டு அதை விரைவாக அடக்கும். உங்கள் மகளுக்கு மூன்று மாதம் கழித்தும் அதே இடம் ஒளிர்ந்தால், புதிய தாக்குதலா அல்லது சார்காய்டோசிஸ் என்ற வேறு வகை அழற்சி நோய், கட்டி போன்ற வேறு காரணமா என்று எங்கள் கேள்வியே மாறும்.

மூன்று பகுதிகளையும் எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். தாலிச்சங்கிலி, ஊக்கு, இடுப்பில் கட்டிய தாயத்து, உள்ளாடைக் கொக்கி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். உடலில் உலோகம் பொருத்திய அறுவை ஏதும் நடந்திருந்தால் முன்பே சொல்லுங்கள். இயந்திரத்தின் சத்தம் பலமாக இருக்கும், காதை அடைக்கக் கொடுப்பார்கள். தண்டுவடம் மெல்லியது என்பதால் எச்சில் விழுங்கினாலும் இருமினாலும் படத்தில் போலிக் கோடுகள் விழும். சளி இருமல் இருந்தால் தேதியைத் தள்ளிப் போடக் கேட்பதில் தவறில்லை. சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு அது மிகவும் அவசியம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. படம் சுத்தமாக வந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு மாதத்துக்கும் மேலாகச் சாப்பிடும் ஸ்டெராய்டைத் திடீரென்று நிறுத்தினால், தன் ஸ்டெராய்டைத் தானே சுரக்க மறந்திருக்கும் உடல் இரத்த அழுத்தம் இறங்கிச் சாயக் கூடும். அது உயிருக்கே ஆபத்து. அதைவிடப் பெரிய காரணம் வேறு. மோக் வகையில் தழும்பு முழுவதும் மறைந்துவிடுவது சாதாரணம். அக்குவாபோரின் வகையில், இரண்டு தாக்குதல்களுக்கு இடையே படத்தில் புதிய தழும்பு எதுவும் பெரும்பாலும் தெரியாது. நோய் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒரே தாக்குதலில் கண்ணையோ காலையோ எடுத்துக்கொள்ளும். ஆகவே அங்கே சுத்தமான படம் நோய் போய்விட்டதற்குச் சான்றாகாது. தடுப்பு மருந்து எத்தனை காலம் என்பதை எதிர்ப்பொருளும் தாக்குதல்களின் வரலாறுமே தீர்மானிக்கின்றன. அக்குவாபோரின் எதிர்ப்பொருள் இருப்பது உறுதியானால், உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் அசதயோபிரின், மைக்கோஃபெனோலேட், ரிடுக்சிமாப் போன்ற மருந்துகளில் ஒன்றை நீண்ட காலத்துக்குத் தருவார்கள்; அவற்றைத் தொடங்குமுன் காசநோயும் கல்லீரல் அழற்சி பி-யும் இல்லை என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் அண்டை வீட்டாரின் கேள்வி உண்மையிலேயே பயன்படுகிறது. மறுபுறம், படத்தில் தழும்பு மிச்சமிருக்கிறது என்பதற்காக மகள் இனி தேறமாட்டார் என்றும் எண்ண வேண்டாம். படத்தின் நிறமும் காலின் பலமும் ஒன்றாக நடப்பதில்லை. உடற்பயிற்சிச் சிகிச்சையைத் தொடர்ந்தால் மாதங்கள் கடந்தும் முன்னேற்றம் வருவதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

படம் எடுக்கும் நாளுக்கு முன்பே கண்ணை அசைக்கும்போது வலித்துப் பார்வை மங்கினாலோ, விக்கலும் வாந்தியும் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, காலின் பலம் மறுபடி குறைந்தாலோ, குறித்த தேதிக்காகக் காத்திராமல் இரண்டு சிடிகளையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோடு கால் தளர்ந்தால் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பை சரியாக இயங்காதவர்களுக்குக் கிருமித் தொற்று எளிதில் வரும், அந்தக் காய்ச்சலே பழைய குறிகளைத் தற்காலிகமாகத் தூண்டிவிடும்.